அம்சவேணி லாட்ஜ்

நாகேந்திரனின் வீடு ஓர் அங்குலம்கூட நகரவில்லை. இதை அவன் மூன்று வருடமாகக் கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். திருச்சானூரில், கோயில் குளத்துக்குப் பின்னால் மூன்றாவது சந்தில், ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை என்று அவன் அப்பா கட்டிவிட்டுப் போன அதே இடத்தில்தான் அது நிற்கிறது. நகர்ந்தது மாவட்டம். ஆனால் ஏன் நகர்ந்தாய் என்று மாவட்டத்தைப் பிடித்து விசாரிக்க யாராலும் முடியாது. வீட்டை விசாரிக்கலாம், வீட்டுக்காரனை அதைவிடச் சுலபமாக விசாரிக்கலாம்.

நடந்தது இதுதான். மூன்று வருடத்துக்கு முன்னால் ஏப்ரல் நாலாம் தேதி சித்தூர் மாவட்டத்தை வெட்டி, திருப்பதி மாவட்டம் என்று புதிதாக ஒன்றை உண்டாக்கினார்கள். அதற்குப் பதினைந்து நாள் முன்னால்தான் மாரிசெல் பிலிப்பைன்ஸிலிருந்து மூன்று மாதச் சுற்றுலா விசாவில் வந்து இறங்கியிருந்தாள். முன்பு குவைத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் அவள் டோக்கன் கொடுக்கிற வேலை பார்த்தவள். நாகேந்திரன் அங்கே ஏசி பழுதுபார்க்கப் போனவன். சாதாரண கேஸ் கசிவுதான். அதைச் சரிசெய்ய அவனுக்கு நாலு மாதம் பிடித்தது. பிறகு அவன் ஊர் திரும்பி, திருச்சானூர் லாட்ஜ்களில் ஏசி பார்க்க ஆரம்பித்தான். அவள் அவனைக் கட்டிக்கொள்ள வந்து சேர்ந்தாள்.

மாவட்டம் மாறிய அன்று காலை அவள் கூடத்தில் உட்கார்ந்து, மாமியாராகப் போகிற அம்சவேணிக்குப் பூண்டு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சித்தூர் மாவட்டத்தில் உரிக்க உட்கார்ந்தவள், திருப்பதி மாவட்டத்தில் உரித்து முடித்தாள். எழுந்து போய்க் கை கழுவினாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம்.

மே ஒன்பதாம் தேதி பதிவுத் திருமணம் நடந்தது. இரண்டு நாள் கழித்து, மனைவிக்குரிய விசா கேட்டு, வெளிநாட்டாரைக் கவனிக்கிற அயலார் பிரிவுக்குக் கம்ப்யூட்டரில் விண்ணப்பம் போட்டான். மாவட்டம் என்ற கட்டத்தில் அவன் கை தானாகச் 'சித்தூர்' என்று அடித்தது. முப்பத்து நாலு வருடமாக அதையே எழுதி வந்த கை. பள்ளிக்கூடச் சான்றிதழ், ரேஷன் கார்டு, குவைத்துக்குப் போன பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் சித்தூர்தான். அந்த மாதம் ஊரில் எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள். கல்யாணப் பத்திரிகையில் எழுதினார்கள், கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் எழுதினார்கள். செத்தவர்களை யாரும் திருப்பி அனுப்பவில்லை.

நாகேந்திரனின் விண்ணப்பத்துக்கு ஐம்பதாவது நாள் பதில் வந்தது. 'சித்தூர் மாவட்டத்தில் திருச்சானூர் என்று ஓர் ஊர் இல்லை. எனவே திருப்பப்படுகிறது.' பதில் வந்தபோது மாரிசெல்லின் விசா முடிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. அதிலிருந்து அவள் மாரிசெல் இல்லை, கெடு தாண்டியவர்.

நாகேந்திரன் பஸ் ஏறிச் சித்தூர் போனான். அங்கே அயலார் பிரிவில் சந்திரன் என்ற கண்காணிப்பாளர் இருந்தார். மரியாதையான மனிதர். வந்தவர்களை முதலில் உட்காரச் சொல்வார். உட்கார நாற்காலி கிடையாது.

"நீங்க மாவட்டம் மாறியிருக்கீங்க," என்றார்.

"மாறல சார். வூடு அங்கியேதான் இருக்குது."

"வூடு இருக்கும்ங்க. வூட்டப் பத்தி நான் கேக்கல. அந்தம்மா வந்து எறங்கினது சித்தூர் மாவட்டம். இப்ப இருக்கிறது திருப்பதி மாவட்டம். வெளிநாட்டார் ஒரு மாவட்டத்த வுட்டு இன்னொண்ணுக்குப் போறதா இருந்தா பதினாலு நாள் முன்னாடி எழுதிக் குடுக்கணும். குடுத்தீங்களா?"

"எங்களுக்கே பேப்பரப் பார்த்துதான் சார் தெரிஞ்சுது."

"எனக்கும் பேப்பரப் பார்த்துதான் தெரிஞ்சுது. அதுக்காக நான் சும்மா இருந்துட்டனா? மேசை, நாற்காலி, பீரோ எல்லாத்துக்கும் எழுதிக் குடுத்தேன். அது அது ஒழுங்கா மாவட்டம் மாறிப் போய்ச் சேர்ந்துச்சு. ஒரு நாற்காலிக்கு இருக்கிற பொறுப்பு ஒரு மனுஷனுக்கு வேணாமா?"

ஃபைல் திருப்பதிக்குப் போகவேண்டும் என்றார். அதை அவரே அனுப்புவாரா என்று நாகேந்திரன் கேட்டான். அனுப்பலாம், ஆனால் இங்கே இல்லாத ஊரின் ஃபைல் இங்கே இருப்பதாக ஒப்புக்கொண்டால்தான் அனுப்ப முடியும், அப்படி ஒப்புக்கொண்டால் இத்தனை நாள் அதை ஏன் வைத்திருந்தோம் என்று கேள்வி வரும் என்று பொறுமையாக விளக்கினார்.

திருப்பதியில் சிரஞ்சீவி இருந்தார். புது மாவட்டத்தின் புது அயலார் பிரிவுக்குப் புதுக் கண்காணிப்பாளர். தெலுங்குக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், இல்லை என்று மறுக்கும்போது மட்டும் 'லேது', 'காது' என்று தெலுங்குக்குப் போய்விடுவார். அவர் அறையில் நிறைய நாற்காலிகள் இருந்தன.

"சூடண்டி, பாருங்க," என்றார். "டூரிஸ்ட் வந்தா நமக்குத் தெரியும். ஸ்டூடன்ட் வந்தா தெரியும். கம்பெனி ஆள் வந்தா தெரியும். செத்துப்போன வெளிநாட்டார்னா அதுக்கும் தனி ஃபாரம் இருக்குது, ரெண்டே நாள்ல முடிச்சு அனுப்பிடறோம். இதுவரைக்கும் அவங்க ஒருத்தர்கூட நம்ம மேல கம்ப்ளெயின்ட் குடுத்தது லேது. பொண்டாட்டி மட்டும் இந்த ஆபீசுக்கு வந்ததே லேது."

"விசாவ நீட்டிக் குடுங்க சார், போதும்."

"விசா உயிரோட இருந்தப்ப நீங்க சித்தூருக்கு எழுதினீங்க. செத்த பெறகு நம்மகிட்ட எடுத்துக்கினு வர்றீங்க. செத்தத எப்படி நீட்டறது? சித்தூர் போய், உயிரோட இருந்துச்சுன்னு ஒரு லெட்டர் வாங்கிக்கினு வாங்க."

சித்தூரில் சந்திரன், தம் மாவட்டத்தில் இல்லாத பெண்ணின் விசா தம் மாவட்டத்தில் உயிரோடு இருந்ததாக எழுதித் தர முடியாது என்றார். இப்படியே மூன்று வருடம் போயிற்று. சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவில் இருக்கிற ஒவ்வொரு டீக்கடையும் நாகேந்திரனுக்குத் தெரிந்துபோயிற்று. அவனைப் பார்த்ததும், "இன்னிக்கு எந்த மாவட்டம்ணா?" என்று கண்டக்டர்கள் கேட்டார்கள்.

மாரிசெல்லை இதற்குள் சந்தில் எல்லோரும் மாரி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். மாமியாரிடமிருந்து தமிழும் காய்கறிக்காரியிடமிருந்து தெலுங்கும் கற்றுக்கொண்டாள். அவள் கோழியை வினிகரில் வேக வைப்பாள். அம்சவேணி அதைப் புளிச்ச கோழி என்று திட்டிக்கொண்டே இரண்டாம் தடவை போட்டுக்கொள்வாள். சந்து முனைக்கு மேல் மாரி போவதில்லை. போகிற வழியில் போலீஸ் கேட்டால் என்ன காட்டுவது என்று பயம். மூன்று வருடத்தில் மலையை அடிவாரத்திலிருந்துகூட அவள் பார்த்ததில்லை, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி.

மூன்றாம் வருடம் ஜனவரியில் ஒரு நாள், மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் அவனைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"நாகா, கொயந்த வந்துகினு இருக்குது. பேப்பர் எப்ப வரும்?"

நாகேந்திரனுக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிடம் பயம் வந்தது. ஜூலை கடைசியில் பிரசவம். அதற்குள் அவளுக்கு ஒரு காகிதம் வேண்டும். அவளை யாரும் வந்து அழைத்துக்கொண்டு போய்விடக் கூடாது. குழந்தை பிறக்கும்போது அவள் பக்கத்தில் அவன் நிற்க வேண்டும். அவன் அரசாங்கத்திடம் எதிர்பார்த்தது மொத்தமே இவ்வளவுதான்.

மறுநாள் காலை சிரஞ்சீவியிடம் போய் நின்றான். கர்ப்பம் என்று கேட்டதும் சிரஞ்சீவி உண்மையாகவே இளகிவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கம்ப்யூட்டரைத் தட்டினார்.

"அய்யோ, அந்தம்மா இந்தியாவுக்கு வரவே இல்லையே."

"மூணு வருசமா இருக்குது சார்."

"நம்ம கம்ப்யூட்டர்ல இல்ல. வெளிநாட்டாருக்கு எடம் குடுக்கிறவர், வந்த இருபத்தி நாலு மணி நேரத்துல தங்கல் ஃபாரம் போடணும். நீங்க போடல. ஃபாரம் இல்லன்னா தங்கல. தங்காதவங்களுக்கு நான் எப்படி விசா குடுக்க முடியும்?"

நாகேந்திரனுக்கு ஒரு நப்பாசை எழுந்தது. "தங்கவே இல்லன்னா கெடுவும் தாண்டலதான சார்?"

"தாண்டினாங்க. அது வேற கம்ப்யூட்டர்," என்றார் சிரஞ்சீவி.

தங்கல் ஃபாரம் போட வேண்டுமானால் முதலில் தங்கும் இடத்தைப் பதிவு செய்யவேண்டும். பதிவில் ஐந்து வகை இடங்கள் இருந்தன. ஓட்டல், லாட்ஜ், சத்திரம், மடம், ஆஸ்பத்திரி. வீடு என்று ஒரு வகை அதில் இல்லை. வெளிநாட்டார் ஒருவர் வீட்டில் தங்குவார் என்று அந்தப் பட்டியலைப் போட்டவருக்குத் தோன்றியிருக்கவில்லை.

"லாட்ஜ்னு போடுங்க," என்றார் சிரஞ்சீவி. "திருச்சானூர்தான? அங்க எல்லாமே லாட்ஜ்தான். ஒரு நல்லதும் இருக்குது. பதிவு பண்ணா, நம்ம அங்கீகார லிஸ்ட்ல உங்க லாட்ஜ் வந்துடும். யாத்ரிகர்லாம் போன்லயே பார்த்துக்கலாம்."

நாகேந்திரனுக்கு லாட்ஜ் புதிதல்ல. அவன் ஏசி பார்க்கிற லாட்ஜ் ஒன்றில் சம்பத் மேனேஜர். பதினெட்டு வருடமாக அறைச் சாவியை எடுத்துக் கொடுத்துக் கொடுத்தே வயிறு வைத்தவன். அவனைக் கூட்டிக்கொண்டு ஒரு மத்தியானம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான்.

லாட்ஜின் பெயர் என்று கேட்டது. அம்மாவின் பெயரைப் போட்டான். அறைகள் எத்தனை என்று கேட்டது. ஒன்று. லாட்ஜ் எந்த நாளிலிருந்து நடக்கிறது என்று கேட்டது. பொய் சொல்லக் கூடாது என்று, மாரி வந்து இறங்கிய அதே தேதியைப் போட்டான். விருந்தினர் வந்த நோக்கம் என்று கேட்டு, சுற்றுலா, வியாபாரம், சிகிச்சை, யாத்திரை, இதர என்று ஐந்து வழி காட்டியது. வாழ்வதற்கு வந்தவள் 'இதர'வில் போய் உட்கார்ந்தாள். உரிமையாளருக்கும் விருந்தினருக்கும் உறவு ஏதாவது உண்டா என்று கேட்குமோ என்று அவன் காத்திருந்தான். அதைக் கேட்கவில்லை.

கடைசியாக, விருந்தினர் புறப்படும் தேதி என்று கேட்டது. அதைக் காலியாக விட்டான். கட்டம் சிவப்பாக மாறியது. 'புறப்படமாட்டார்' என்று அடித்தான். மறுபடி சிவப்பு.

"இன்னாடா சம்பத், இது வுட மாட்டேங்குது."

"ஒரு தேதியத் தட்டுடா," என்றான் சம்பத். "தெனம் நூறு பேருக்கு நான் தட்டறேன். எவனாவது சொன்ன தேதியில காலி பண்ணியிருக்கானா? நாளைக்குன்னு போடுவேன், அவன் மூணு நாள் இருப்பான். கவுன்டர்ல வந்து இன்னும் ஒரு நாள்ங்கன்னா எக்ஸ்டென்ட் பண்ணிடப் போறோம். லாட்ஜுல இந்தத் தேதிக்கு ஒரு அர்த்தமும் கெடையாது."

லாட்ஜ் தொழிலில் பதினெட்டு வருடம் பழுத்தவன் சொல்லும்போது, லாட்ஜ் ஏசியில் நாலு வருடம் பழுத்தவன் எப்படி நம்பாமல் இருப்பான்? நாகேந்திரன் யோசித்தான். சட்டென்று ஞாபகம் வந்த தேதி ஒன்றுதான். மே ஒன்பது, அவர்கள் கல்யாண நாள். அதைத் தட்டினான். கட்டம் பச்சையாகி, நன்றி என்றது.

பத்தாம் நாள் லாட்ஜைப் பார்வையிடக் கான்ஸ்டபிள் குணா வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் குறைகளை வரிசையாகச் சொன்னார். பெயர்ப் பலகை இல்லை, கட்டணப் பலகை இல்லை, வரவேற்பு மேசை இல்லை, அழைப்பு மணி இல்லை, தீயணைப்புக் கருவி இல்லை, விருந்தினருக்குச் சோப்பும் துண்டும் தனியாக இல்லை. ஒரு வாரத்தில் எல்லாம் வந்தன. வாசலுக்கு மேலே 'அம்சவேணி லாட்ஜ்' என்று பலகை ஏறியது. அம்சவேணி அதைச் சந்தில் நின்று பார்த்தாள்.

"உங்க நைனா கட்டின வூடுடா இது. எம் பேரு போட்டு லாட்ஜுன்னு மாட்டி வெச்சிருக்க. பாக்கறவங்க இன்னா நெனச்சுக்குவாங்க?"

"பேப்பருக்காகம்மா."

"பேப்பருக்காக என்னிய மேசைக்குப் பின்னால ஒக்கார வெச்சிருக்கான். இன்னும் இன்னா இன்னா பண்ணுவானோ," என்று மாரியிடம் புலம்பினாள். மாரி அவளுக்குத் துண்டை மடித்து வைக்கக் கற்றுக்கொடுத்தாள். குவைத்துக்கு முன்னால் மணிலாவில் அவள் ஒரு ஓட்டலில் வேலை பார்த்தவள். இருவரும் சேர்ந்து துண்டை அன்னப்பறவை மாதிரி மடித்துக் கட்டில்மேல் வைத்தார்கள். அந்த வருடம் அந்த வீட்டில் எல்லோரும் ஒன்றாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

இரண்டாம் முறை வந்த குணா திருப்தியடைந்தார். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. விருந்தினர் வந்து இருபத்து நாலு மணி நேரத்துக்குள் ஃபாரம் போட்டிருக்க வேண்டும். மூன்று வருடம் தாமதம். அதற்குச் சிரஞ்சீவியே வழி சொல்லி அனுப்பியிருந்தார்: விருந்தினர் மறுபடி வரவேண்டும்.

ஆகவே ஐந்து மாத வயிற்றோடு மாரி ஆட்டோவில் ஏறி, சந்து முனை வரை போய், பெட்டியோடு திரும்பி வந்தாள். குணா போனில் படம் எடுத்தார். முதல் படத்தில் அவள் சிரிக்கவில்லை.

"லாட்ஜுக்கு வர்றவங்க இப்படியா வருவாங்க? ஏதோ துக்கத்துக்கு வந்த மாதிரி இருக்குது. இன்னொரு தபா வாங்கம்மா," என்றார்.

மாரி இன்னொரு முறை போய் வந்தாள். சிரித்தாள். மேசைக்குப் பின்னாலிருந்து அம்சவேணி, சொல்லிக் கொடுத்தபடி, "வாங்க, எத்தினி பேரு?" என்றாள்.

"ஒண்ணர பேரு அத்தே," என்றாள் மாரி. குணா 'ஒன்று' என்று எழுதிக்கொண்டார்.

போகும்போது படுக்கையறைக் கதவோரம் தொங்கிய நாகேந்திரனின் சட்டையைப் பார்த்துவிட்டார். மறுநாளே சிரஞ்சீவி கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏமண்டி, லாட்ஜ் ஓனர் கெஸ்ட் ரூம்ல படுக்கறதா ரிப்போர்ட் வந்திருக்குது. யாத்ரிகர் வந்து போற எடம். நான் குடும்பஸ்தன், இந்த மாதிரியெல்லாம் என் காதுல விழக் கூடாது."

"அவ என் பொண்டாட்டி சார்."

"பொண்டாட்டின்னா எதுக்கு லாட்ஜ்?"

"நீங்கதான் சார் லாட்ஜ்னு போடச் சொன்னீங்க."

"நான் சொல்லல. ஃபாரம் சொல்லுச்சு. ஃபாரத்துல பொண்டாட்டிக்குக் கட்டம் லேது. கட்டம் இல்லாத ஒண்ண நான் மனசுல வெச்சுக்கலாம், ரிப்போர்ட்ல வெச்சுக்க முடியாது. நம்ம டிபார்ட்மென்ட்ல மனசு இல்லன்னு நெனைக்காதீங்க. நெறைய இருக்குது. அத யூஸ் பண்றதுக்கு மேல இருந்து ஆர்டர் வரணும்."

அதன் பிறகு நாகேந்திரன் கூடத்தில் பாய் போட்டுப் படுத்தான். கதவுக்கு அந்தப் பக்கம் அவன் மனைவி புரண்டு படுக்கிற சத்தம் கேட்கும். குழந்தை உதைத்தால் அவள் அழைப்பு மணியை அழுத்துவாள். லாட்ஜ் உரிமையாளன் எழுந்து போய் வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு, மறுபடி வந்து படுத்துக்கொள்வான். காகிதம் வந்துவிட்டால் இதையெல்லாம் சொல்லிச் சொல்லிக் குழந்தையைச் சிரிக்க வைக்கலாம் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.

ஏப்ரல் பதினெட்டாம் தேதி காகிதம் வந்தது. நல்ல கனமான காகிதம், முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தது. நாகேந்திரன் அதை வாசலிலேயே நின்று படித்தான். 'அம்சவேணி லாட்ஜில் தங்கியிருக்கும் மேற்படி விருந்தினர், மே ஒன்பதாம் தேதி புறப்பட விரும்புவதாகத் தெரிவித்துள்ளார். அவரது விருப்பம் கனிவுடன் பரிசீலிக்கப்பட்டு, அதே தேதியில் இந்தியாவை விட்டு வெளியேற அனுமதி வழங்கப்படுகிறது. கெடு தாண்டியதற்காக இரண்டு வருடம் மறுபடி விண்ணப்பிக்க இயலாது. வாழ்த்துகள்.'

அவன் மூன்று தடவை படித்தான். பிறகு காகிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, மாரியிடம் சொல்லாமல் திருப்பதிக்கு ஓடினான்.

சிரஞ்சீவியின் அறையில் லட்டு விநியோகம் நடந்துகொண்டிருந்தது. நிலுவையில் இருந்த ஒரே ஃபைல் முடிந்துவிட்டது என்று மேலிடம் பாராட்டியிருந்ததாம். அவர் எழுந்து வந்து நாகேந்திரனின் கையிலும் ஒரு லட்டு வைத்தார்.

"மூணு வருச ஃபைல். இப்ப பெண்டிங் ஜீரோ. இந்தப் புது மாவட்டத்துலயே நம்ம செக்‌ஷன்தான் முதல்ல ஜீரோ. உங்க ஒத்துழைப்பு இல்லாம நடந்திருக்காது."

"சார், அந்தத் தேதி சும்மா தட்டினது சார். கம்ப்யூட்டர் வுடல. அவ எங்கயும் போகல. ஒரு எக்ஸ்டென்ஷன் குடுங்க."

"லாட்ஜுல எக்ஸ்டென்ட் பண்ணலாம். தேசத்துல காது." அவர் குரலில் கோபமே இல்லை. "கெஸ்ட் போறேன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. போகிறவங்களப் பிடிச்சு வெக்கிறது நம்ம பண்பாடு இல்ல."

"ஏழு மாச வயிறு சார். அங்க அவளுக்குன்னு யாரும் இல்ல. நானாவது கூடப் போறேன்."

சிரஞ்சீவியின் முகத்தில் முதல் தடவையாகச் சங்கடம் தெரிந்தது. மேசையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்தார். அம்சவேணி லாட்ஜ் மூன்று வருடமாகப் பதிவில்லாமல் நடந்திருப்பதாகவும், அந்த மூன்று வருடமும் கெடு தாண்டிய வெளிநாட்டார் ஒருவரை அங்கே வைத்திருந்ததாகவும் உரிமையாளரே எழுத்து மூலம் தெரிவித்திருப்பதால், விசாரணை முடியும்வரை அவருடைய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

"இது நான் போட்டது காது," என்றார் சிரஞ்சீவி. "லாட்ஜ் எப்ப தொடங்கினதுன்னு போட்ட உடனே கம்ப்யூட்டரே தயார் பண்ணுது. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குது. லட்டு சாப்பிடுங்க."

லட்டைக் கையில் வைத்துக்கொண்டே நாகேந்திரன் வீடு வந்து சேர்ந்தான். மாரி காகிதத்தைப் படித்து, மடித்து அவனிடமே திருப்பிக் கொடுத்தாள். எழுதிய தேதியைப் பற்றி ஒரு வார்த்தை அவனைத் திட்டியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அம்சவேணிதான் அழுதாள். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே அழுதாள். எழுந்து வரவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

பிறகு வந்த நாட்களில் நாகேந்திரன் போகாத இடமில்லை. ஒரு வக்கீல், விசாரணை வரட்டும், குழந்தை பள்ளிக்கூடம் போவதற்குள் எப்படியும் வந்துவிடும் என்று தைரியம் சொன்னார். பழைய பழக்கத்தில் சித்தூருக்கும் ஒரு தடவை போனான். சந்திரன் எழுந்து நின்று அனுதாபப்பட்டார். "சித்தூர் மாவட்டத்துலயே இருந்திருந்தா இப்படி ஆகியிருக்காதுங்க," என்றார்.

மே ஒன்பதாம் தேதி, சென்னை விமான நிலையத்துக்கு வாடகைக் காரில் போனார்கள். சத்தியவேட்டைத் தாண்டும்போது மாரி கண்ணாடியை இறக்கி வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். மூன்று வருடத்தில் அவள் இந்தியாவைப் பார்த்தது அந்த மூன்று மணி நேரம்தான். நிறைய மாந்தோப்பு இருக்கிறது என்று சொன்னாள். ஒரு இடத்தில் நிறுத்தி மூவரும் இளநீர் குடித்தார்கள். நாகேந்திரன் அவளுக்கு வாங்கி வைத்திருந்த கல்யாண நாள் புடவையைக் கொடுத்தான். பெட்டி கனம் ஏறிவிடும் என்று அவள் அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

வாசலில் காகிதம் பார்த்தவர்கள் அவளை மட்டும் உள்ளே விட்டார்கள். அம்சவேணி மருமகளின் வயிற்றைத் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நேரத்துக்குத் துன்னும்மா," என்றாள்.

"நாகா," என்றாள் மாரி. "ரூம யாருக்கும் குடுத்துடாத."

அவன் சிரிக்க வேண்டும் என்றுதான் அப்படிச் சொன்னாள். அவனும் சிரித்தான். சந்து முனையில் குணா எடுத்த இரண்டாவது படத்தில் இருந்த அதே சிரிப்புதான் அவள் முகத்தில் இருந்தது. கண்ணாடிக் கதவு மூடிய பிறகும் அவன் அதே இடத்தில் நின்றான். அவனுடைய குழந்தை வெளிநாட்டில் பிறக்கப் போகிறது. என்றாவது ஒரு நாள் அப்பாவைப் பார்க்க வந்தால் அதற்கும் தங்கல் ஃபாரம் போடவேண்டியிருக்கும் என்று நினைத்தான். அங்கேயே தரையில் உட்கார்ந்தான்.

விருந்தினர் புறப்பட்டு இருபத்து நாலு மணி நேரத்துக்குள் அதற்கும் ஒரு ஃபாரம் போடவேண்டும். மறுநாள் காலை உட்கார்ந்து போட்டான். இந்தத் தடவை எந்தக் கட்டமும் சிவப்பாகவில்லை. மாவட்டத்தைக் கேட்ட இடத்தில் எழுத்துக் கூட்டித் 'திருப்பதி' என்று அடித்தான். கம்ப்யூட்டர் நன்றி சொன்னது.

மத்தியானம் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு குடும்பம் வந்து நின்றது. புருஷன், பெண்டாட்டி, அவள் இடுப்பில் ஒரு குழந்தை. மூன்று தலையும் புதிதாக மழித்துச் சந்தனம் பூசியிருந்தது. காலையிலிருந்து லாட்ஜ் லாட்ஜாக அலைந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"ரூம் இருக்குங்களா?" என்று அந்த ஆள் கேட்டான்.

மேசைக்குப் பின்னாலிருந்து அம்சவேணி மகனைப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் படுக்கையறைக் கதவு திறந்துதான் கிடந்தது. கட்டில்மேல், போவதற்கு முன்னால் மாரி மடித்து வைத்துவிட்டுப் போன துண்டு அப்படியே இருந்தது.

"இல்லீங்க," என்றான் நாகேந்திரன். "ஆளு இருக்குது."

"காலின்னு போட்டிருக்குதுங்களே," என்று அந்த ஆள் குழப்பத்தோடு போனை நீட்டினான். அரசாங்கத்தின் அங்கீகாரப் பட்டியல். நாகேந்திரன் வாங்கிப் படித்தான்.

'அம்சவேணி லாட்ஜ், திருச்சானூர், சித்தூர் மாவட்டம். மொத்த அறை ஒன்று. காலி ஒன்று.'

அவன் திரும்பி, திறந்து கிடந்த அறையை ஒரு தடவை பார்த்தான். மாவட்டம்தான் தப்பு. மற்றதெல்லாம் சரியாக இருந்தது.